பேச்சு முடியுமுன் கை உயர வேண்டும்: குருநகர்க் கூட்டமொன்றில் கைத்தொலைபேசி வழி உரைபெயர்ப்பு

யாழ்ப்பாணம் குருநகர்க் கரையோரத்து மண்டபமொன்றில், கடற்றொழிலாளர்களும் கொழும்பிலிருந்து வந்த அதிகாரிகளும் கூடிய கலந்துரையாடலுக்கு நாங்கள் உரைபெயர்ப்பு ஒலியமைப்பைச் செய்துகொடுத்தோம். பேச வேண்டியிருந்தவை இரண்டு விடயங்கள். கடலடியில் வலையை இழுத்து மீன்பிடிக்கும், 2017 இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட இழுவை மடித் தொழில் ஒன்று. கடலேரியில் கடலட்டைப் பண்ணைகளுக்கு வழங்கும் அனுமதி மற்றது. அதிகாரிகளில் பெரும்பாலானோர் சிங்களத்தில் பேசுவார்கள், தொழிலாளர்கள் தமிழில் பேசுவார்கள். இரு பக்கத்தாரும் எந்தச் செயலியையும் நிறுவாமல், தங்கள் கைத்தொலைபேசியின் உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து, மற்றவரின் பேச்சை அப்போதைக்கப்போது தங்கள் மொழியில் கேட்க வேண்டும். எங்களிடம் கேட்கப்பட்டது அவ்வளவுதான்.

அதே மண்டபத்தில் முன்பு நடந்த கூட்டமொன்றில் வேறொரு தரப்பினர் இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். இணைய வானொலிக்குப் பயன்படும் முறையில் உரைபெயர்ப்பை அனுப்பியிருந்தார்கள். ஒலி தெளிவாகவே இருந்தது என்று கேட்டவர்கள் சொன்னார்கள். ஆனால் அது மேடைப் பேச்சுக்கு அரை நிமிடம் அளவில் பின்னால் வந்தது. மேடையில் இருந்தவர் "இதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார், சுற்றிப் பார்த்தார், எவரும் கை உயர்த்தாததைக் கண்டு அடுத்த விடயத்துக்குப் போனார். அந்தக் கேள்வி தமிழில் காதுக்கு எட்டியபோது திரையில் வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டக் குறிப்பில் ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்று பதிவாகிவிட்டது. ஒருவரும் பொய் எழுதவில்லை. ஆனாலும் அந்தக் குறிப்பு மண்டபத்தில் இருந்தவர்களின் மனத்தைச் சொல்லவில்லை.

அரை நிமிடம் சுணங்கிக் கேட்பவர் ஒலிபரப்பின் நேயர். அரை வினாடி சுணங்கிக் கேட்பவர் கூட்டத்தின் உறுப்பினர். இலங்கை அரசியலமைப்புக்கு 1987 இல் நிறைவேறிய 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 1988 இன் 16 ஆம் திருத்தம் மொழி உரிமைகளை மேலும் விரித்தது. அந்த உரிமை ஒரு மண்டபத்துக்குள் நடைமுறைக்கு வரும்போது, அது ஒரு ஒலிச்சமிக்ஞை எத்தனை மில்லி வினாடியில் காதுக்குப் போய்ச் சேர்கிறது என்பதிலும் தங்கியிருக்கிறது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

எவ்வளவு சுணக்கம் பொறுக்கலாம்

முதலில் இலக்கைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. தொலைபேசி உரையாடலுக்கென சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த ஜி.114 பரிந்துரை, ஒரு திசைக்கு 150 மில்லி வினாடிக்குள் சுணக்கம் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்குத் தடையில்லை என்றும், வலையமைப்பைத் திட்டமிடும்போது 400 மில்லி வினாடியைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. உரைபெயர்ப்பில் இன்னொரு சுணக்கமும் உண்டு. உரைபெயர்ப்பாளர் கேட்டு, பொருள் பிடித்து, சொல்லத் தொடங்குவதற்கே இரண்டு மூன்று வினாடி பிடிக்கும். அது மனித மூளையின் வேலை. அதைக் குறைக்கும்படி எவரையும் நெருக்கக்கூடாது. சிங்களமும் தமிழும் வினையை வாக்கியத்தின் கடைசியில் வைக்கும் மொழிகள் என்பதால், ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பவரைப் போல வாக்கியத்தை முழுதாகத் தலைகீழாக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அனுகூலத்தை இயந்திரம் விழுங்கிவிடக் கூடாது. எனவே கருவிகளால் சேரும் சுணக்கம் அரை வினாடிக்குள், முடிந்தால் கால் வினாடிக்குள் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

கைத்தொலைபேசியே எதற்கு என்று சிலர் கேட்டார்கள். பெரிய மாநாடுகளில் அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் வாங்கிகளைக் கொடுப்பார்கள். அவற்றின் சுணக்கம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறியது. அவற்றைக் கொழும்பிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்து, எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்கும் செலவு ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தால் தாங்கக்கூடியதல்ல. சிறிய எஃப்எம் பரப்பியும் சுணக்கமின்றி வேலை செய்யும். ஆனால் வானலையில் ஒலிபரப்ப இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும்; தவிர ஐபோன்களில் எஃப்எம் வானொலி கேட்க முடியாது, புதிய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இல்லை. ஆனால் உலாவி எல்லோருடைய சட்டைப்பையிலும் இருக்கிறது.

பழைய வழி ஏன் பிந்துகிறது

முந்தைய கூட்டத்தின் அரை நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொள்வது பயனுள்ளது. இந்த ஊரில் கோயில் திருவிழா, பாடசாலை விழா என்று நேரடி ஒலிபரப்புச் செய்பவர்கள் பலரும் அதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஐஸ்காஸ்ட் போன்ற இணைய வானொலி வழங்கிகள் (சர்வர்கள்), புதிதாக வந்து இணைபவருக்குப் பாட்டு உடனே தொடங்க வேண்டும் என்பதற்காக, ஏற்கெனவே சேர்த்து வைத்த ஒலியில் 64 கிலோபைட்டை ஒரே மூச்சில் அனுப்பிவிடும். இதுவே அவற்றின் இயல்பான அமைப்பு. வினாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒலியைச் சுருக்கினால் அந்த 64 கிலோபைட் எட்டு வினாடிப் பேச்சு. டேட்டாவைச் சேமிக்க வேண்டும் என்று 32 கிலோபிட்டாகக் குறைத்தால் அதே 64 கிலோபைட்டுக்குள் பதினாறு வினாடி அடங்கிவிடும். தரத்தைக் குறைக்கக் குறைக்கச் சுணக்கம் கூடுகிறது. மக்களின் டேட்டாச் செலவை நினைத்து நல்லெண்ணத்தோடு செய்யும் காரியமே கேட்பவரை மேலும் பின்னால் தள்ளிவிடுகிறது. இதற்கு மேல் உலாவியும் தன் பங்குக்குச் சில வினாடிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஒலிக்கத் தொடங்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த முறை, தரவைச் சிறு பொதிகளாக வரிசை குலையாமல் அனுப்பும் டிசிபி என்ற இணைய விதிமுறை வழியாகப் போகிறது. ஒரு தரவுப் பொதி தொலைந்தால் அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வரும் எல்லாம் நிற்கும். மூன்று வினாடி நின்று மீண்டும் தொடங்கினால், விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கும். அந்த மூன்று வினாடி கூட்டம் முடியும்வரை கூடவே வரும். இன்னும் இரண்டு தடவை தடங்கினால் அவையும் சேரும். கூட்டத்தின் தொடக்கத்தில் பத்து வினாடி பின்னால் இருந்தவர் தேநீர் இடைவேளைக்குள் இருபத்தைந்து வினாடி பின்னால் போய்விடுவது இப்படித்தான்.

ஆப்பிள் நிறுவனம் 2009 இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி வழக்கமான இணையக் கோப்புகளாக அனுப்புகிறது. துண்டு ஆறு வினாடி, தொடங்குமுன் மூன்று துண்டாவது கையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பதினெட்டு வினாடி அங்கேயே போய்விட்டது. 2019 இல் அறிவிக்கப்பட்ட அதன் குறைந்த சுணக்க வடிவம் இதை இரண்டு மூன்று வினாடிக்குக் கொண்டுவருகிறது. கிரிக்கெட் பார்ப்பதற்கு அது போதும். கேள்வி கேட்க வேண்டிய மண்டபத்துக்குப் போதாது.

ஆகவே உலாவிக்குள்ளேயே இருக்கும் வெப்ஆர்டிசி வழியைத் தேர்ந்தோம். வீடியோ அழைப்புகளுக்காக உருவான தொழில்நுட்பம் இது. 2017 இல் ஐஓஎஸ் 11 உடன் ஐபோனின் சஃபாரிக்கும் வந்தபின்தான் எல்லாக் கைத்தொலைபேசியையும் நம்பி இறங்கக்கூடியதாயிற்று. இது பெரும்பாலும் யூடிபி என்ற இன்னொரு விதிமுறை வழியாகப் போகிறது. தொலைந்த பொதிக்காக எல்லாவற்றையும் நிறுத்தி வைக்காது; இடைவெளியை ஊகித்து நிரப்பிவிட்டு மேலே போகும். வலையமைப்பில் நெரிசல் வந்து ஒலி தேங்கிவிட்டால், நெரிசல் தீர்ந்ததும் குரலின் சுருதி மாறாமல் பேச்சைச் சற்று விரைவாக்கித் தேங்கியதைத் தீர்த்துவிடும். சுணக்கம் மேலும் மேலும் சேராமல் இருப்பதற்கு இதுவே காரணம். ஒலியைச் சுருக்கும் முறை ஓபஸ். 2012 இல் தரப்படுத்தப்பட்ட இது வினாடிக்கு 6 கிலோபிட்டிலிருந்து 510 கிலோபிட் வரை வேலை செய்யும். மனிதக் குரலுக்கு 24 கிலோபிட் தாராளம்.

மண்டபத்துக்குள் ஒரு சிறு வலையமைப்பு

ஒலியை இணையத்துக்கு அனுப்பி, வெளிநாட்டிலுள்ள வழங்கியொன்றைத் தொட்டு, அதே மண்டபத்துக்குத் திரும்பக் கொண்டுவருவதில் அர்த்தமில்லை. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே இருபது மீற்றர்தான். மேலும் நூறு பேர் ஒரே நேரத்தில் ஒரே கோபுரத்தின் மொபைல் டேட்டாவைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பது நல்லூர்த் திருவிழா நாள்களில் வீதியில் நின்று படம் அனுப்ப முயன்ற எவருக்கும் தெரியும். மண்டபத்துக்குள்ளேயே ஒரு மடிக்கணினியை வழங்கியாக வைத்தோம். ஒலிவாங்கிகளின் ஒலியைக் கலந்து தரும் மிக்சரிலிருந்து வருவதை ஜிஸ்ட்ரீமர் என்ற நிரல் ஓபஸாகச் சுருக்கும். ஜேனஸ் என்ற திறந்தமூல வழங்கி அதைக் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் பிரதியெடுத்து அனுப்பும்.

வானொலி ஒரு தடவை பரப்பினால் எல்லோரும் கேட்கலாம். உலாவிக்கு அப்படி அனுப்ப வழியில்லை. நூறு போன் இருந்தால் நூறு பிரதி. இந்த இடத்தில் பலர் வேகத்தை மட்டும் கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள். நூறு பேருக்கு 24 கிலோபிட் என்றால் 2.4 மெகாபிட், எந்த மலிவான ரவுட்டரும் இதைத் தாங்குமே என்று தோன்றும். வைஃபையைத் திணறடிப்பது பொதிகளின் எண்ணிக்கை. இயல்பான அமைப்பில் ஓபஸ் 20 மில்லி வினாடிக்கு ஒரு பொதி அனுப்பும். ஒரு போனுக்கு வினாடிக்கு 50 பொதி. நூறு போனுக்கு 5,000. ஒவ்வொரு பொதியும் காற்றில் தன் முறைக்குக் காத்திருந்து, போய்ச் சேர்ந்து, கிடைத்தது என்ற பதிலையும் பெற வேண்டும். பொதிக்குள் இருக்கும் பேச்சு 60 பைட். அதைச் சுற்றியிருக்கும் முகவரிகளும் பாதுகாப்புக் குறியும் சேர்ந்து ஏறத்தாழ 50 பைட். சரக்கின் எடைக்குச் சரியாகப் பெட்டியின் எடை.

பொதியின் நீளத்தை 40 மில்லி வினாடியாக மாற்றினோம். எண்ணிக்கை பாதியாகியது, உறைகளின் பாரமும் வினாடிக்கு 20 கிலோபிட்டிலிருந்து 10 கிலோபிட்டாகக் குறைந்தது. இதற்குக் கொடுத்த விலை 20 மில்லி வினாடி கூடுதல் சுணக்கம். கால் வினாடி இலக்கில் அது பெரிதல்ல. 60 மில்லி வினாடி வரை போகலாம், ஆனால் ஒரு பொதி தொலைந்தால் காணாமல் போகும் துண்டும் பெரிதாகிறது. தமிழில் ஓர் எதிர்மறை விகுதி அதற்குள் அகப்பட்டுவிட்டால் "கொடுக்கலாம்" என்பதும் "கொடுக்கலாகாது" என்பதும் மாறிப்போகும். 40 இல் நிறுத்தினோம். ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் மொத்தம் ஏறத்தாழ 15 மெகாபைட். அதுவும் மண்டபத்து வைஃபையில் போவதால் அவருடைய டேட்டா செலவாகாது.

வைஃபை அலைபரப்பிகளை ஆளுயரத்துக்கு மேலே, சுவரில் உயர்த்திப் பூட்டினோம். மனித உடல் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும். வெறும் மண்டபத்தில் சோதித்தபோது கிடைத்த வலிமை நிறைந்த மண்டபத்தில் கிடைக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அயல் வீடுகளின் ரவுட்டர்களும் அங்கேதான் இருக்கின்றன. முடிந்தவரை போன்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு அனுப்பினோம். ஆனால் கடற்றொழிலாளர்களின் கையில் இருப்பவற்றில் பழைய போன்கள் அதிகம். அவற்றிற் சில 2.4 ஐ மட்டுமே அறியும். அவர்களைக் கைவிட முடியாது என்பதால் ஓர் அலைபரப்பியை அவர்களுக்கென்றே விட்டு, அதில் வினாடிக்கு 1, 2 மெகாபிட் போன்ற மிகப் பழைய மெதுவான வேகங்களை நிறுத்திவிட்டோம். ஒரு போன் மெதுவாகப் பேசினால் அது பேசி முடிக்கும்வரை மற்ற எல்லாப் போன்களும் காத்திருக்க வேண்டும்.

வெளி இணையமே இல்லாத வைஃபையைக் கைத்தொலைபேசிகள் நம்புவதில்லை. இணைந்தவுடன் ஆண்ட்ராய்டும் ஐஓஎஸும் தத்தம் நிறுவனத்தின் முகவரியொன்றைத் தொட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் இணையம் இல்லை என்று சொல்லி, பல போன்கள் தாமாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அப்போது உரைபெயர்ப்பு நின்றுபோகும், காரணம் கேட்பவருக்குத் தெரியாது. இதற்காகச் சிம் போட்ட சிறிய ரவுட்டர் ஒன்றை இணைத்து, மிகக் குறைந்த வேகத்தில் வெளி இணையத்தைத் திறந்து வைத்தோம்.

பக்கம் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான முகவரியில் இருக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. திரையை அணையாமல் வைத்திருக்கும் வசதி பாதுகாப்பான பக்கங்களுக்கு மட்டுமே கிடைக்கும். அதற்கு, முகவரி உண்மையானது என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழ் வேண்டும்; மண்டபத்துக்குள் மட்டும் இருக்கும் வழங்கிக்கு அதை எப்படி வாங்குவது? சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வைத்திருந்தால், சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடம், அந்தப் பெயருக்கான டிஎன்எஸ் (இணையப் பெயரேடு) பதிவின் மூலம் உரிமையை நிரூபித்துச் சான்றிதழை முன்னதாகவே வாங்கிக்கொள்ளலாம். பிறகு மண்டபத்து ரவுட்டரில் அந்தப் பெயரை உள் முகவரிக்குத் திருப்பிவிட்டால் போதும். போன் எச்சரிக்கை எதுவும் காட்டாது. சிவப்பு எச்சரிக்கைத் திரையைக் கண்டால் நம் மக்கள் பக்கத்தை மூடிவிடுவார்கள், மூடுவதுதான் சரியும்கூட.

கைத்தொலைபேசிகளின் குணங்கள்

உலாவிகள் பயனர் தொடாமல் ஒலி எழுப்ப விடுவதில்லை. ஆகவே பக்கத்தில் தமிழ், சிங்களம் என்று இரண்டு பெரிய பொத்தான்கள் மட்டும் வைத்தோம். மொழியைத் தெரிவதும் ஒலிக்க அனுமதி கொடுப்பதும் ஒரே தொடுகையில் முடிந்துவிடும். ஐபோனில் வெப் ஆடியோ என்ற முறையில் ஒலித்தால், போனின் ஓரத்திலுள்ள மௌனப் பொத்தான் ஒலியை அடக்கிவிடும். வழக்கமான ஆடியோ உறுப்பின் வழியாக ஒலித்தால் அடங்காது. கூட்டத்துக்கு வருபவர்கள் மரியாதைக்காகப் போனை மௌனத்தில் வைத்திருப்பார்கள் என்பதால் இரண்டாவதையே பயன்படுத்தினோம்.

புளூடூத் இயர்போன் சாதாரணமாக 150 முதல் 250 மில்லி வினாடி வரை சேர்த்துவிடும். நாங்கள் பாடுபட்டு மீதம் பிடித்த நேரமெல்லாம் அங்கே போய்விடும். வாசலில் மலிவான கம்பி இயர்போன்களை ஒரு பெட்டி நிறைய வைத்தோம். குருநகரில் இன்னொரு பிரச்சினை உப்புக்காற்று. கடலுக்குப் போய்வரும் போன்களின் இயர்போன் துளைக்குள் உப்பும் பாசியுமாகப் படிந்திருக்கும். செருகினால் கரகரவென்று ஒலிக்கும் அல்லது ஒரு காதில் மட்டும் கேட்கும். பஞ்சுக்குச்சியும் ஐசோபுரோப்பைல் மதுசாரமும் வாசல் மேசையில் இருந்தன. அன்று காலை அதிகம் பயன்பட்ட கருவி அதுதான் என்று சொல்வேன்.

ஒரே மொழிக்காரர்கள் பேசும்போது அந்த மொழியின் ஒலிவரிசையில் எதை அனுப்புவது என்பதையும் யோசித்தோம். தமிழில் ஒருவர் மண்டபத்தில் பேசும்போது தமிழ் ஒலிவரிசையிலும் அவர் குரலைப் போடலாமே என்றார் ஒருவர். போட்டால் நேரே வரும் குரல் ஒன்றும் கால் வினாடி கழித்து இயர்போனில் இன்னொன்றுமாக ஒரே பேச்சு இரண்டு தடவை கேட்கும். சுமார் 40, 50 மில்லி வினாடிக்கு மேல் இடைவெளி வந்தாலே காது அதை எதிரொலியாகப் பிரித்துவிடும். ஆகவே அந்த வேளையில் தமிழ் ஒலிவரிசை மௌனமாக இருக்கும். மௌனம் வந்தால் இணைப்பு அறுந்ததோ என்று பயம் வருமே? திரையில் மெல்ல அசையும் ஒரு பட்டையை வைத்தோம். அது அசையும்வரை இணைப்பு இருக்கிறது.

உரைபெயர்ப்பாளர்களுக்கு மேடைக்குப் பக்கத்து அறையை ஒதுக்கினோம். கண்ணாடி யன்னலுக்கு அப்பால் பேசுபவரின் முகம் தெரியும். திசைக்கு இருவர், அரை மணிக்குள் ஒருவர் மற்றவருக்குக் கைமாற்றுவார். அவர்களுக்கு ஒலி போனது மிக்சரிலிருந்து நேரே கம்பியில். எண்மமாக்கும் எந்தக் கருவியும் இடையில் இல்லை. உரைபெயர்ப்பாளரின் காதுக்குச் சுணக்கம் வந்தால் அது எல்லோருடைய காதுக்கும் வந்துவிடும். மின்விசிறிகள் ஒலிவாங்கிகளில் ஊதாதபடி மேடைக்கு மேலிருந்த இரண்டை நிறுத்தச் சொன்னோம். வெயிலில் அது கடுமையான கோரிக்கைதான், ஏற்றுக்கொண்டார்கள்.

சிரட்டைச் சோதனை

சுணக்கத்தை நிரல்களின் புள்ளிவிவரத்தைப் பார்த்து மட்டும் நம்பக்கூடாது. உலாவி தன் தேக்கத்தில் எவ்வளவு ஒலி நிற்கிறது என்பதைச் சொல்லும்; போனின் ஒலிச்சில்லில் நிற்பதைச் சொல்லாது. ஆகவே காதுக்கு வருவதை அளந்தோம். இரண்டு வழி ஒலிப்பதிவுக் கருவியொன்றின் இடது ஒலிவாங்கியை மேடை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்தோம். வலதை ஒரு போனின் இயர்போனோடு ஒட்டிப் பஞ்சால் சுற்றினோம். பிறகு இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை மேடை ஒலிவாங்கிக்கு முன்னால் மோதினோம். சிரட்டையின் ஒலி கைதட்டலைவிடக் கூர்மையானது. பதிவை ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு நிரலில் திறந்து பெரிதாக்கினால் முள்போல எழும். இடது முள்ளுக்கும் வலது முள்ளுக்கும் இடையிலுள்ள தூரமே உண்மையான சுணக்கம்.

புதிய ஐபோனில் அந்தத் தூரம் கால் வினாடிக்குக் கணிசமாகக் குறைந்திருந்தது. மலிவான ஆண்ட்ராய்டு ஒன்றில் கால் வினாடியைச் சற்றுத் தாண்டியது. அந்த வித்தியாசம் வலையமைப்பில் இல்லை; போன் தன் ஒலிபெருக்கிப் பகுதிக்குள் வைத்திருக்கும் தேக்கத்தில் இருந்தது. அதை நாம் தொட முடியாது. தொடக்கூடிய தேக்கம் உலாவியின் நடுக்கத் தாங்கி: பொதிகள் முன்னும் பின்னுமாக வந்தாலும் பேச்சு வெட்டாமல் இருக்க உலாவி வைத்திருக்கும் சிறு கையிருப்பு. அதை மிகக் குறைத்தால் மண்டபம் நிறைந்ததும் குரல் வெட்டும். நாங்கள் அதன் போக்கில் விட்டோம். நெரிசலுக்கேற்ப அது தானாகவே கூடிக் குறையும், அதன் தீர்ப்பு பெரும்பாலும் நம்முடையதைவிட நல்லது.

கூட்ட நாள்

தொடக்கத்தில் பலர் இயர்போனைக் கையிலேயே வைத்திருந்தார்கள். தலைவர் எழுந்து, "ஐயாமார், அம்மாமார், ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், மற்றக் காது மண்டபத்துக்கு" என்று சொன்னபின் எல்லோரும் போட்டார்கள். மிக நல்ல யோசனை. பேசுபவரின் குரலிலுள்ள கோபத்தையும் தயக்கத்தையும் ஒரு காது நேரே கேட்கும். பக்கத்தைத் திறக்கும் கியூஆர் குறியைச் சிலர் ஃபேஸ்புக், வைபர் செயலிகளின் உள்ளிருந்தே திறந்தார்கள்; அந்த உள் உலாவிகளில் ஒலி தொடங்க மறுத்தது. குரோமில் அல்லது சஃபாரியில் திறக்கச் சொல்லி உதவ வரிசைகளுக்கிடையே மாணவர்கள் நின்றார்கள். அந்த மாணவர்கள் இல்லாமல் எந்தக் கருவியும் பயன்பட்டிருக்காது.

கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. மண்டபத்து ஒலிபெருக்கிகள் அடங்கின, மின்விசிறிகள் ஓய்ந்தன. மிக்சர், மடிக்கணினி, அலைபரப்பிகள், ரவுட்டர் ஆகியவை யுபிஎஸ்சில் இருந்தன. ஒலிவாங்கியில் தொடர்ந்து பேசும்படி மேடைக்குக் கைகாட்டினோம். பேசியவரின் நேரடிக் குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை, உரைபெயர்ப்பு எட்டியது. மின்சாரம் வரும்வரை தமிழர்கள் இயர்போனிலும் சிங்களவர்கள் முன்வரிசையிலுமாகக் கூட்டம் தடையின்றி நடந்தது.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு நடந்தது. கடலட்டைப் பண்ணைக்கு ஒதுக்கக்கூடிய இடங்கள் திரையில் வந்தன. ஓர் அதிகாரி வரைபடத்தில் கடலேரியின் ஒரு மூலையைக் காட்டி, அங்கே எவரும் தொழில் செய்வதில்லை என்ற பொருள்பட ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாக்கியத்தை முடித்து அடுத்ததைத் தொடங்குமுன் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றுவிட்டார். காதில் இயர்போன் இருந்தது. வற்று நேரத்தில் தாங்கள் மட்டி பொறுக்குவது அந்த இடத்தில்தான், தன் தாயும் அங்கேதான் பொறுக்கினார் என்றார். அந்தத் தமிழ் மறுதிசையில் சிங்களமாகப் போனது. அதிகாரி இயர்போனைக் கையால் அழுத்திக் கேட்டுவிட்டு, சுட்டியை அதே மூலையில் வைத்தபடி, எந்த மாதங்களில் என்று கேட்டார். அந்தப் பெண் சொன்னார். பக்கத்தில் இருந்த சிறகுவலைக்காரர் ஒருவர் வள்ளங்கள் போகும் வழியையும் சேர்த்துச் சொன்னார். வரைபடம் மாறுமுன் இந்தப் பேச்சு முழுவதும் நடந்துவிட்டது. கூட்டக் குறிப்பில் அந்த மூலைக்கு எதிராக ஆட்சேபணை எழுதப்பட்டது.

அந்த இடம் பண்ணைக்குக் கொடுக்கப்படுமா, இல்லையா என்பது தனிக் கதை. வரைபடம் திரையில் இருக்கும்போதே அவரால் பேச முடிந்தது. அரை நிமிடச் சுணக்கத்தில் அவர் எழுந்திருந்தால், மண்டபத்தில் பாதிப்பேருக்கு அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்றே விளங்கியிருக்காது.

இன்னும் எட்டாதவை

காது மந்தமான முதியவர்கள் சிலர், மேடைப் பேச்சையே பெரிதாக்கி இயர்போனில் தரமுடியுமா என்று கேட்டார்கள். இந்த முறையால் அது முடியாது. அவர்களுக்கு நேரடி ஒலியும் மங்கலாக வந்துகொண்டே இருக்கும். கால் வினாடி பிந்திய பெருக்கிய ஒலி அதோடு மோதிக் குழப்பும், உதடசைவைப் பார்த்து விளங்குபவருக்கு இன்னும் சிரமம். ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீற்றர் போகிறது. பத்து மீற்றரைக் கடக்க அதற்கு 30 மில்லி வினாடிதான் பிடிக்கும். உலாவி வழியாக அந்த அளவுக்கு இறங்குவது இன்றைய போன்களில் நடவாது. செவித்துணைக் கருவியோடு நேரே பேசும் தூண்டல் வளையத்தைத் தரையோரம் சுற்றுவதே அவர்களுக்கு உரிய வழி. செவித்துணைக் கருவி இல்லாதவர்களுக்கு அதுவும் பயன்படாது. முன்வரிசையில் இடம் ஒதுக்கியதே அன்று நாங்கள் செய்யக்கூடியதாக இருந்தது.

பேட்டரியும் ஒரு குறை. சில போன்களில் திரை அணைந்தால் ஒலியும் நின்றது. ஆகவே திரையை எரியவிட்டோம். பிற்பகலில் பலரின் போன்கள் களைத்துவிட்டன. வரிசைகளின் ஓரத்தில் மின்னேற்றப் பலகைகள் வைத்தோம், ஆனால் இயர்போனுக்கும் மின்னேற்றத்துக்கும் ஒரே துளையுள்ள புதிய போன்களுக்கு அது உதவவில்லை. அவர்களுக்குக் கொடுக்க மின்னேற்றிய பழைய போன்கள் சிலவற்றைச் சங்கம் சேர்த்து வைத்திருப்பது நல்லது.

வடமராட்சிக் கரையிலும் தீவகத்திலும் இதேபோன்ற கூட்டங்களுக்கு இந்த ஏற்பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். பொருள்கள் ஒரு பெட்டிக்குள் அடங்கும்: மடிக்கணினி, இரண்டு ஒலியட்டைகள், அலைபரப்பிகள், ரவுட்டர், யுபிஎஸ், கம்பிச்சுருள், இயர்போன் பெட்டி, பஞ்சுக்குச்சி. எடுத்துச் செல்பவர்கள் முதல் நாளே மண்டபத்துக்குப் போய்ச் சிரட்டையை அடித்து அளந்துகொள்ளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும், ஆகையால் புறப்படுமுன் அதன் திகதியையும் பாருங்கள். திசைக்கு இரண்டு உரைபெயர்ப்பாளர்களுக்கான கொடுப்பனவை வரவுசெலவில் முதல் வரியாக எழுதுங்கள். கருவிக்குப் பணம் தேடுபவர்கள் பலர் அந்த வரியைக் கடைசிக்குத் தள்ளி, பிறகு ஒருவரையே நாள் முழுவதும் பேசவைக்கிறார்கள். மாலையில் அவருடைய சுணக்கம் பத்து வினாடியைத் தொடும்போது எந்த வழங்கியாலும் அதை ஈடுசெய்ய முடியாது.